உற்பத்தியாளர் கம்பெனியின் கணக்கில் இரு சர்க்கார் வரிகள்

நமது மாநிலத்தில் விவசாயிகள் ஒன்றுகூடி உற்பத்தியாளர் கம்பெனிகளை ஏற்படுத்தி, விளைபொருளை விளைந்தபடியே விற்றுவிடாமல், எண்ணெயாகவும் பருப்பாகவும் மாவாகவும் பக்குவப்படுத்தி விற்று வருகிறார்கள். இதனால் தரகருக்கும் மொத்த வியாபாரிக்கும் சென்றுகொண்டிருந்த லாபத்தில் ஒரு பகுதி குடியானவருக்கே கிடைக்கிறது. ஆனால் இவ்வாறு விற்கத் தொடங்கியவுடன் குடியானவர் வியாபாரியும் ஆகிறார். வியாபாரிக்குரிய வரிக் கடமையும் கூடவே வந்து சேருகிறது.

விதையையும் உரத்தையும் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் வரியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஏக்கருக்கு ஒரு மூட்டை அதிகமாக விளைவித்து, அந்த மூட்டையின் விலையைக் கணக்குப் புத்தகத்தில் இழந்துவிட்டால், விளைவித்ததன் பயன் யாது? ஆகையால், மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் ஒரே விற்பனையின்மேல் விதிக்கும் இரு வரிகளையும் கம்பெனியின் கணக்கில் எவ்வாறு பிரித்து வைக்கவேண்டும் என்பதை இங்கே விவரிப்போம்.

இரு வரிகள் ஏற்பட்ட விதம்

எல்லாச் சரக்குகளுக்கும் பொதுவான விற்பனை வரி இந்தியாவில் முதன்முதலாக ஏற்பட்டது சென்னை மாகாணத்திலேயாகும். ஸ்ரீ சி. ராஜகோபாலாச்சாரியார் பிரதம மந்திரியாக இருந்த காலத்தில், 1939-ஆம் வருஷத்தில், அதற்கான சட்டம் நிறைவேறியது. பின்னர் மற்ற மாகாணங்களும் இம்முறையைக் கைக்கொண்டன. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குச் செல்லும் சரக்கின்மேல் வரி விதிக்கும் உரிமை யாருக்கு என்ற தகராறு எழுந்தது. அதைத் தீர்க்க 1956-ஆம் வருஷத்தில் மத்திய விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வரியைச் சரக்குப் புறப்பட்ட மாநிலமே வசூலித்து வைத்துக்கொண்டது. வாங்கியவர் அதைத் தமது வரியில் கழித்துக்கொள்ள வழியில்லை. ஆகவே எல்லை தாண்டிய சரக்கின் விலையில் வரியின்மேல் வரி ஏறிற்று.

2016-ஆம் வருஷத்தில் அரசியலமைப்பின் 101-ஆவது திருத்தம் நிறைவேறி, 2017-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி முதல் சரக்கு சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., அமலுக்கு வந்தது. இதன்படி ஒரே விற்பனையின்மேல் மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் தத்தம் சட்டத்தின்படி ஏககாலத்தில் வரி விதிக்கின்றன. முன்போல் இரண்டு இடங்களில் இரண்டு கணக்குகள் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே ரிட்டர்ன் போதும். ஆயினும் பணம் போய்ச் சேரும் பொக்கிஷங்கள் இரண்டு என்பதை மறந்துவிடலாகாது.

மூன்று பெயர்கள்

சரக்கு நமது மாநிலத்திற்குள்ளேயே விற்கப்பட்டால், பட்டியலில் மத்திய வரி (சி.ஜி.எஸ்.டி.), மாநில வரி (எஸ்.ஜி.எஸ்.டி.) என இரண்டு வரிகள் சரிபாதியாக எழுதப்படும். உதாரணமாக, கடலை எண்ணெய்க்கு வரி 100-க்கு 5. இதில் இரண்டரை மத்திய சர்க்காருக்கும் இரண்டரை மாநில சர்க்காருக்கும் உரியவை. சரக்கு வேறு மாநிலத்திற்கு விற்கப்பட்டால், ஒருங்கிணைந்த வரி (ஐ.ஜி.எஸ்.டி.) என்ற ஒரே வரி 100-க்கு 5 வீதம் எழுதப்படும். அதை மத்திய சர்க்கார் வசூலித்து, மாநிலத்திற்குரிய பங்கைச் சரக்கு செலவாகும் மாநிலத்திற்குக் கொடுக்கிறது.

மொத்தம் இரண்டு வழியிலும் ஒன்றே. இதனாலேதான், எப்படி எழுதினாலும் ஐந்துதானே என்று குமாஸ்தாக்கள் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். இந்த அலட்சியத்தால் விளையும் நஷ்டத்தைக் கீழே காண்போம்.

யார் பதிவு செய்துகொள்ள வேண்டும்?

சொந்த உழைப்பாலோ, குடும்பத்தார் உழைப்பாலோ, தமது மேற்பார்வையில் கூலியாட்களைக் கொண்டோ நிலத்தைச் சாகுபடி செய்யும் தனி நபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும், அந்த நிலத்தின் விளைபொருளை விற்பதற்காகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. இவ்விலக்கு கம்பெனிக்குக் கிடையாது. அங்கத்தினர் அனைவரும் குடியானவர்களாக இருந்தபோதிலும், சட்டத்தின் பார்வையில் கம்பெனி குடியானவர் அன்று.

சரக்கு மட்டும் விற்கும் கம்பெனி, வருஷ விற்பனை 40 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால் தமிழ்நாட்டில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வரிவிலக்குள்ள சரக்குகளின் விற்பனையும் இத்தொகையில் சேரும். ஆனால் விற்பவை யாவும் வரிவிலக்குள்ள சரக்குகளேயானால் பதிவு வேண்டுவதில்லை. மூட்டையில் பெயரும் சீட்டும் இல்லாமல் விற்கும் நெல், தானியம், பச்சைக் காய்கறி ஆகியவை இவ்வகையின. அரிசியையே 25 கிலோவுக்கு உட்பட்ட பைகளில் முன்னதாகவே அடைத்து, விவரச் சீட்டு ஒட்டி விற்றால், 2022-ஆம் வருஷம் ஜூலை 18-ந் தேதி முதல் 100-க்கு 5 வீதம் வரி உண்டு.

இங்கே முக்கியமாகக் கவனிக்கத்தக்கது ஒன்று உளது. வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்திற்கு விற்கும் கம்பெனிக்கு 40 லட்சம் என்ற வரம்பு பொருந்தாது. முதல் டின் எண்ணெயை எல்லை தாண்டி விற்பதற்கு முன்பே பதிவு இருக்கவேண்டும். சிறு வியாபாரிகளுக்காக ஏற்பட்ட தொகுப்பு வரித் திட்டத்தில், அதாவது காம்போசிஷன் முறையில், சேர்ந்திருப்பவர் வெளி மாநிலத்திற்குச் சரக்கு விற்கவே கூடாது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கும் நாகப்பட்டினத்திலிருந்து காரைக்காலுக்கும் தூரம் சொற்பமே. பேச்சும் பழக்கமும் ஒன்றே. வரிச் சட்டத்திலோ அவை வேறு பிரதேசங்கள். ஆகையால் அவ்வூர்க் கடைகளுக்கு அனுப்பும் சரக்கும் வெளி மாநில விற்பனையே ஆகும்.

எந்த வரி என்று நிர்ணயிக்கும் விதி

விற்பவர் எங்கே இருக்கிறார், சரக்கு எங்கே போய்ச் சேருகிறது என்னும் இரண்டையும் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே மாநிலமானால் மத்திய வரியும் மாநில வரியும். வெவ்வேறானால் ஒருங்கிணைந்த வரி. வாங்குபவர் பதிவு பெற்றவராயின், அவருடைய பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்திற்கு 32, கர்நாடகத்திற்கு 29, புதுச்சேரிக்கு 34, ஆந்திரத்திற்கு 37. பட்டியல் எழுதுமுன் இவ்விலக்கங்களைப் பார்ப்பதைக் குமாஸ்தா வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

வாங்குபவர் ஒருவராகவும் சரக்கைப் பெற்றுக்கொள்பவர் வேறொருவராகவும் இருக்கும்போது விதி சற்று மாறும். புதுச்சேரி வியாபாரி ஒருவர் கம்பெனியிடம் எண்ணெய் வாங்கி, அதை நேராக விழுப்புரத்திலுள்ள தமது வாடிக்கைக் கடைக்கு அனுப்பும்படி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி தமிழ்நாட்டைவிட்டு வெளியே போகவேயில்லை. ஆயினும் உத்தரவு கொடுத்தவரின் தொழிலிடம் புதுச்சேரியாதலால், சரக்கு அங்கே போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும். ஒருங்கிணைந்த வரியே எழுதவேண்டும். அதற்கு மாறாக, சென்னை வியாபாரி வாங்கிப் புதுச்சேரிக்கு அனுப்பச் சொன்னால், மத்திய வரியும் மாநில வரியும் எழுதவேண்டும்.

பதிவு பெறாதவருக்கு விற்கும்போது, பட்டியலில் எழுதிய விலாசம் எந்த மாநிலத்தைச் சேர்ந்ததோ அதுவே சேருமிடம். விலாசம் எழுதப்படாவிடில் விற்பவரின் இடமே சேருமிடம். இவ்விதி 2023-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி முதல் நடப்பில் உள்ளது.

ஒரு மாதத்துக் கணக்கு

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள மணிலாக்கொட்டைச் சாகுபடியாளர்கள் சேர்ந்து செக்கு நடத்தும் கம்பெனி ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். கொட்டையை அங்கத்தினர்களிடமே வாங்குவதால் அதற்கு வரி இல்லை. (பஞ்சு வாங்கும் கம்பெனிகள் மட்டும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். குடியானவரிடமிருந்து பதிவு பெற்றவர் வாங்கும் கொட்டை நீக்காத பஞ்சுக்கு, விற்பவருக்குப் பதிலாக வாங்குபவரே வரி செலுத்தவேண்டும் என்பது விதி.)

அம்மாதத்தில் கம்பெனி சென்னையிலிருந்து 1,00,000 ரூபாய்க்குத் தகர டின்கள் வாங்கியது. அவற்றுக்கு வரி 100-க்கு 18; ஆகவே மத்திய வரி 9,000, மாநில வரி 9,000. புதுச்சேரியிலிருந்து 20,000 ரூபாய்க்கு மூடிகளும் பிளாஸ்டிக் கேன்களும் வாங்கியது. ஒருங்கிணைந்த வரி 3,600. இவை மூன்றும் கம்பெனி ஏற்கனவே செலுத்திய வரிகளாதலால், வரவாக நிற்கும்.

தமிழ்நாட்டிற்குள் 6,00,000 ரூபாய்க்கு எண்ணெய் விற்றது. மத்திய வரி 15,000, மாநில வரி 15,000. புதுச்சேரிக்கு 4,00,000 ரூபாய்க்கு விற்றது. ஒருங்கிணைந்த வரி 20,000. இவை கம்பெனி செலுத்தவேண்டியவை.

ஒருங்கிணைந்த வரியில் வரவு 3,600 கழிய, பாக்கி 16,400. மத்திய வரியில் 9,000 கழிய, பாக்கி 6,000. மாநில வரியில் 9,000 கழிய, பாக்கி 6,000. ரொக்கமாகச் செலுத்தவேண்டியது ஆக மொத்தம் 28,400 ரூபாய்.

மூன்று பெட்டிகள்

இவ்வரவுகளை மூன்று தனித்தனிப் பெட்டிகளில் இருக்கும் பணமாக நினைத்துக்கொள்வது நலம். முதலாவதாக, ஒருங்கிணைந்த வரியின் பெட்டியைத்தான் திறக்கவேண்டும். அதிலுள்ளதை ஒருங்கிணைந்த வரிக்குக் கொடுத்தபின், மிச்சத்தை மத்திய வரிக்கும் மாநில வரிக்கும் நமது விருப்பப்படி எவ்வளவு வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம். இப்பெட்டி காலியான பிறகே மற்ற இரண்டையும் தொடவேண்டும். மத்திய வரியின் பெட்டி மத்திய வரிக்கும், பின்பு ஒருங்கிணைந்த வரிக்கும் உதவும். மாநில வரியின் பெட்டி மாநில வரிக்கும், மத்தியப் பெட்டி தீர்ந்தபின் ஒருங்கிணைந்த வரிக்கும் உதவும். ஆனால் மத்திய வரியின் பெட்டியிலிருந்து மாநில வரிக்கோ, மாநில வரியின் பெட்டியிலிருந்து மத்திய வரிக்கோ ஒரு காசும் எடுக்க முடியாது.

இதன் பலனை மற்றொரு மாதத்துக் கணக்கால் விளக்குவோம். அம்மாதம் தமிழ்நாட்டிற்குள் மட்டும் 5,40,000 ரூபாய்க்கு விற்பனை. மத்திய வரி 13,500, மாநில வரி 13,500. வரவில், பெங்களூரிலிருந்து 50,000 ரூபாய்க்கு வாங்கிய டின்களுக்கான ஒருங்கிணைந்த வரி 9,000. உள்ளூர்க் கொள்முதலில் மத்திய வரி 9,000, மாநில வரி 9,000. வரவும் 27,000, கொடுக்கவேண்டியதும் 27,000. ரொக்கமாக ஒன்றும் செலுத்த வேண்டியதில்லை என்றே தோன்றும்.

குமாஸ்தா ஒருங்கிணைந்த வரவு 9,000-ஐயும் மத்திய வரிக்கே வைத்துவிட்டார் எனக் கொள்வோம். மத்திய வரியில் பாக்கி 4,500 மட்டுமே. அதற்கு மத்தியப் பெட்டியிலிருந்து 4,500 எடுக்க, அப்பெட்டியில் 4,500 சும்மா கிடக்கும். மாநில வரியிலோ 9,000 கழிந்து 4,500 குறைவு. மத்தியப் பெட்டியில் பணம் இருந்தும், இந்த 4,500 ரூபாயை ரொக்கமாகவே செலுத்தவேண்டும். அதே 9,000-ஐ இரண்டுக்கும் 4,500 வீதம் பகிர்ந்திருந்தால், செலவு ஒன்றுமில்லை. ரிட்டர்னில் கணிப்பொறி தானாகவே ஒரு பங்கீட்டைக் காட்டும். அதை மாற்ற நமக்கு உரிமையுண்டு. ஆகவே பார்த்துச் சரிசெய்த பின்னரே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எண்ணெய்க் கம்பெனிகளுக்கு மற்றொரு காரணத்தாலும் இக்கவனம் அவசியமாகிறது. வாங்கும் டின்னுக்கு வரி 18, விற்கும் எண்ணெய்க்கு வரி 5 என்று இருப்பதால், வரவு மிஞ்சிப்போவதுண்டு. அநேக சரக்குகளில் இவ்வாறு மிஞ்சிய வரவை ரொக்கமாகத் திரும்பக் கேட்கலாம். சமையல் எண்ணெய்க்கு 2022-ஆம் வருஷம் ஜூலை 18-ந் தேதி முதல் அவ்வுரிமை நீக்கப்பட்டிருக்கிறது. மிஞ்சியது பின்வரும் மாதங்களின் விற்பனை வரியில்தான் கழியவேண்டும்.

செக்கு மோட்டாருக்கும் வண்டிக்கும் வாங்கும் டீசலோ இந்த ஏற்பாட்டிற்கே புறம்பானது. அதன்மேல் மத்திய சர்க்காரின் கலால் வரியும் மாநில சர்க்காரின் மதிப்புக் கூட்டு வரியும் தனித்தனியே உள்ளன. அவற்றில் எதையும் வரவு வைக்க இயலாது. முழுவதும் செலவுக் கணக்கிலேயே எழுதவேண்டும்.

தவறு நேர்ந்தால்

முதல் உதாரணத்திற்குத் திரும்புவோம். புதுச்சேரிக்கு விற்ற 4,00,000 ரூபாய்க்கு 20,000 ஒருங்கிணைந்த வரி எழுதுவதற்குப் பதிலாக, மத்திய வரி 10,000, மாநில வரி 10,000 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அம்மாதம் கட்டவேண்டிய ரொக்கம் அதே 28,400-தான். எனவே தவறு உடனே கண்ணுக்குத் தெரியாது.

நஷ்டம் இரண்டு வழியாக வரும். முதலாவது, புதுச்சேரி வியாபாரிக்குத் தமிழ்நாட்டு வரி வரவாகாது. அவர் 20,000 ரூபாயை இழக்க விரும்பமாட்டார். அடுத்த கொள்முதலின் விலையில் பிடித்துக்கொள்வார், அல்லது வேறிடத்தில் வாங்குவார். இரண்டாவது, தவறு வெளிப்பட்டவுடன் கம்பெனி 20,000 ரூபாயை ஒருங்கிணைந்த வரியாக மறுபடியும் செலுத்தவேண்டும். முன் செலுத்திய தொகையைத் திரும்பக் கேட்கலாம். கேட்பதற்குச் சரியான வரியைச் செலுத்திய நாளிலிருந்து இரண்டு வருஷம் கெடு உண்டு. இவ்வகைத் தவறுக்கு வட்டி விதிப்பதில்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால் பணம் திரும்பிவரும் வரையில் 20,000 ரூபாய் முடங்கிக் கிடக்கும். அறுவடைக் காலத்தில் அங்கத்தினருக்குக் கொட்டையின் விலையை உடனுக்குடன் கொடுப்பதற்கு வைத்திருந்த பணம் அதுவே. அன்று பணம் இல்லையென்றால், அங்கத்தினர் பழைய தரகரிடமே கொட்டையைப் போடுவார். கம்பெனி எதற்காக ஏற்பட்டதோ அக்காரியம் அன்றைக்கே கெடும்.

ரொக்கத்தைத் தவறான தலைப்பில் கட்டிவிட்டு, அது இன்னும் வரிக்குச் செலவாகாமல் கணக்கிலேயே இருந்தால், பி.எம்.டி. 09 என்ற படிவத்தின் மூலம் ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். கொள்முதல் வரவுக்கு இந்த வசதி இல்லை.

மாதந்தோறும் செய்யத்தக்கவை

1. கொள்முதல் புத்தகத்திலும் விற்பனைப் புத்தகத்திலும் மத்திய வரி, மாநில வரி, ஒருங்கிணைந்த வரி ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பத்திகள் கோடிட்டு வைக்கவேண்டும். வரி என்ற ஒரே பத்தியில் மூன்றையும் சேர்த்து எழுதுவது கூடாது.

2. ஒவ்வொரு விற்பனைப் பட்டியலிலும் வாங்குபவரின் பதிவு எண்ணையும் சேருமிடத்தின் மாநிலத்தையும் எழுதிய பின்னரே வரியை எழுதவேண்டும்.

3. கொள்முதல் செய்யும்போது, விற்பவர் நமது பதிவு எண்ணைச் சரியாக எழுதுகிறாரா என்று பார்க்கவேண்டும். அவர் தமது ரிட்டர்னில் அப்பட்டியலைக் காட்டினால்தான் நமக்கு வரவு கிடைக்கும். மாதாந்தர ரிட்டர்ன் கொடுப்பவர் அதை அடுத்த மாதம் 11-ந் தேதிக்குள் காட்டவேண்டும். 14-ந் தேதியில் நமது வரவுப் பட்டியல் 2பி படிவத்தில் தெரியும். அதனுடன் நமது புத்தகத்தை ஒப்பிட்டு, விடுபட்டதை விற்றவருக்கு உடனே அறிவிக்கவேண்டும்.

4. கடன் கொள்முதலுக்கு 180 நாட்களுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் எடுத்த வரவை வட்டியுடன் திருப்பிச் செலுத்த நேரும்.

5. மாதாந்தர ரிட்டர்னான 3பி-யை அடுத்த மாதம் 20-ந் தேதிக்குள் கொடுக்கவேண்டும். கொடுப்பதற்கு முன் ஒருங்கிணைந்த வரவின் பங்கீட்டைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

6. வரிக்குரிய சரக்கை வண்டியில் ஏற்றும்போது, வெளி மாநிலத்திற்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்டாலும், தமிழ்நாட்டிற்குள் 1,00,000 ரூபாய்க்கு மேற்பட்டாலும், மின்வழிச் சீட்டு எனப்படும் ஈ-வே பில் உடன் செல்லவேண்டும்.

வரி விகிதங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகையால் புதிய சரக்கை விற்கத் தொடங்குமுன் அதன் விகிதத்தை வணிக வரி அலுவலகத்திலோ, தேர்ந்த கணக்கரிடமோ விசாரித்துக்கொள்வது உசிதம். விகிதம் மாறினும், சேருமிடத்தைப் பார்த்து வரியை எழுதும் முறையும், பெட்டிகளைக் கலவாமல் வைக்கும் முறையும் இப்போதுள்ள ஏற்பாட்டின் அடிப்படைகளாகும்.

இவ்விஷயத்தைக் குமாஸ்தாவிடமும் கணக்கரிடமும் மட்டும் விட்டுவிடுதல் தகாது. கம்பெனியின் டைரக்டர்கள் மாதம் ஒருமுறை கூடும்போது, மூன்று பத்திகளின் மொத்தத்தையும், ரொக்கமாகச் செலுத்திய தொகையையும், எந்தப் பெட்டியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு அரைமணி நேரம் போதும். களை எடுப்பதற்கு நாள் பார்க்கும் குடியானவர் கணக்குக்கும் இந்த அரைமணியை ஒதுக்குவாரானால், அவர் விளைவித்த பொருளின் பலன் சிந்தாமல் அவர் வீடு வந்து சேரும்.